பயணம் சொல்லுதல்

எங்கட ஊரில் ஹஜ்ஜுக்கோ உம்றாவுக்கோ போகிறவர்கள் பெட்டி கட்டுவதற்கு முன்னால் செய்கிற வேலை ஒன்று இருக்கிறது. பயணம் சொல்லுவது. சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், ஒருகாலத்தில் வேலிச் சண்டை பிடித்தவர், கடன் தந்தவர், வாங்கியவர் என்று வீடு வீடாகப் போய், "நான் பயணம் போறன், என்னால ஏதும் மனம் நொந்திருந்தாப் பொறுத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு வர வேண்டும். "அல்லாஹ் கபூல் செய்யட்டும், எங்களுக்கும் துஆக் கேளுங்க" என்பார்கள். தேத்தண்ணி வரும். சிலர் என்வலப் ஒன்றைக் கையில் வைப்பார்கள். சிலர் அழுவார்கள்.

கப்பலில் ஹஜ்ஜுக்குப் போன காலத்தில் வந்த பழக்கமாக இருக்க வேண்டும். அப்போது போய்வர மாதக்கணக்காகும். போனவர் திரும்பி வருவாரா என்பதற்கு உத்தரவாதமில்லை. அதனால் கடனை அடைத்து, கணக்கைத் தீர்த்து, மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்கள். இப்போது கட்டுநாயக்கவிலிருந்து ஜித்தாவுக்கு ஆறு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. போய் இறங்கி வட்ஸ்அப்பில் வீடியோ கோல் எடுக்கலாம். ஆனாலும் பயணம் சொல்லாமல் யாரும் போவதில்லை.

2024 பெப்ரவரியில் எங்கட உம்மா பயணம் சொல்லப் போனா. கூடப் போனது நாங்கள் ரெண்டு பேரும், அக்காவும் தம்பியும். இந்தக் கட்டுரையையும் ரெண்டு பேரும் சேர்ந்துதான் எழுதுகிறோம். ஒருவருக்கு ஞாபகம் இருப்பது மற்றவருக்கு இல்லை. அதனால் 'நாங்கள்' என்று எழுதுவதுதான் சரி.

மருதமுனையில் நாலு நாள் நடந்தோம். ஒரு நாள் நற்பிட்டிமுனை, ஒரு நாள் ஓட்டோவில் கல்முனைக்குடியும் சாய்ந்தமருதும். உம்மாவின் கையில் சீஆர் கொப்பி ஒன்று. துஆக் கேட்கச் சொன்னவர்களின் பெயரையும் அவர்கள் கேட்கச் சொன்னதையும் வீட்டுக்கு வந்ததும் எங்களைக் கொண்டு எழுதுவிப்பா. 'மகனுக்கு ஏஎல் ரிசல்ட்.' 'முழங்கால் வருத்தம்.' 'காணி வழக்கு.' 'குழந்தை.' இப்படி மூன்று பக்கம்.

ரெண்டாம் நாள் ஒரு மூத்தம்மாவின் வீட்டில் அது நடந்தது. அவவுக்கு வயசு எண்பதுக்கு மேல். உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நல்லாக் கதைத்தா. பிறகு சாதாரணமாகக் கேட்டா:

"நீ முந்தியும் அங்க போனதானேகா? அப்ப ஏன் பயணம் சொல்லல்ல?"

வீட்டில் இருந்த மற்றவர்கள் அவவை அதட்டினார்கள். "உம்மம்மா, சும்மா இரிங்க." ஒருத்தி அவசரமாகப் பிளேன்ரீ கொண்டு வந்தா. உம்மா சிரித்துவிட்டு, "அது வேற பயணம் மூத்தம்மா" என்றா.

திரும்பி வரும்போது மூன்று பேரும் ஒன்றும் கதைக்கவில்லை. எழுத வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியது அந்த ரோட்டில்தான்.

*

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தபோது எங்கட வீடு கடற்கரை வீதிக்குக் கிட்ட இருந்தது. இலங்கையில் சுனாமியில் ஆகக்கூட உயிர் போனது அம்பாறை மாவட்டத்தில்தான், பத்தாயிரத்துக்கும் மேல். எங்கட வீட்டில் உயிர் போகவில்லை. வீடு போனது. வாப்பாவின் தறியும் நூலும் போயின. மருதமுனை நெசவு ஊர் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். சாரம், சாரி, படங்கு என்று ஊரே தறிச் சத்தத்தில் எழும்பிய காலம் ஒன்று இருந்தது. வாப்பா அந்தக் காலத்து ஆள். அவருக்கு வேறு தொழில் தெரியாது.

கடலோரத்தில் வீடு கட்டக் கூடாது என்று முதலில் சட்டம் வந்தது. கிழக்கில் அது 200 மீற்றர். பிறகு தளர்த்தினார்கள். அதற்கிடையில் ஒன்றரை வருசம் போய்விட்டது. நாங்கள் உம்மம்மாவின் வீட்டு விறாந்தையில் படுத்தோம். எங்கட பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குரியது. கலியாணம் முடிக்கிற பிள்ளைக்கு வீடு கொடுக்க வேண்டும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். பெண்பிள்ளை பிறந்த அன்றே கல்லும் மணலும் சேர்க்கத் தொடங்குகிற ஊர் இது. எங்களில் மூத்தவளுக்கு அப்போது ஒன்பது வயசு. சேர்த்த கல்லையெல்லாம் கடல் கொண்டுபோயிருந்தது.

உம்மா 2006இல் சவூதிக்குப் போனா. வீட்டு வேலைக்கு. வயசு முப்பது. சம்பளம் மாசம் 400 றியால், அன்றைய கணக்கில் பதினோராயிரம் ரூபா வரும்.

அந்த இரவு எங்களில் இளையவனுக்கு ஞாபகமில்லை, அவனுக்கு நாலு வயசு. மூத்தவளுக்கு ஞாபகம் இருக்கிறது. பாயில் படுத்தபடி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். உம்மா வந்து ரெண்டு பேரின் தலையையும் தடவினா. ஒரு சின்னப் பேக். வாப்பா முன்னால் டோர்ச் பிடித்துக்கொண்டு போனார். தரகர் கல்முனை பஸ் ஸ்டாண்டில் நின்றாராம். யாருக்கும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்கும் சொல்லவில்லை. காலையில் இளையவன் கேட்டபோது உம்மம்மா, "உம்மா கல்முனைக்குப் போயிரிக்கா, மறுகா வருவா" என்று சொன்னா. மருதமுனையிலிருந்து கல்முனை டவுன் பத்து நிமிசம். அந்தப் பத்து நிமிசம் மூன்று வருசம் எடுத்தது.

ஸ்கூலில் கேட்டால் "உம்மா கொழும்பில சாச்சி ஊட்ட இரிக்கா" என்று சொல்ல வேண்டும் என்பது வாப்பாவின் கட்டளை. சொன்னோம். எங்களிடம் கேட்ட பிள்ளைகளில் சிலருக்கும் கொழும்பில் ஒரு சாச்சி வீடு இருந்தது. அது எந்தக் கொழும்பு என்று எல்லாருக்கும் தெரிந்திருக்கும். யாரும் யாரையும் மேலே கேட்கவில்லை.

அந்தக் காலத்தில் இலங்கையிலிருந்து வெளிநாட்டு வேலைக்குப் போனவர்களில் பாதிக்கும் மேல் பெண்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985இல் வந்தது. அதற்கு முன்னமே எங்கட பக்கத்து ஆண்கள் போகத் தொடங்கிவிட்டார்கள். ஆண் போய் வந்தால் 'சவூதி காக்கா', 'கட்டார் நானா' என்று ஒரு பட்டம் கிடைக்கும். அவர் கொண்டுவந்த ரேடியோவைப் பார்க்க ஆட்கள் வருவார்கள். ஹஜ் செய்தவருக்கு ஆயுசுக்கும் ஹாஜியார் பட்டம். பெண் வேலைக்குப் போய் வந்தால் 'வெளிநாட்டுக்குப் போன பொம்புள'. அதைச் சொல்கிறபோது குரல் கொஞ்சம் இறங்கும்.

*

உம்மா வேலை செய்த வீடு ரியாதில். அதைப் பற்றி நாங்கள் ஒரு பயங்கரக் கதை சொல்லப் போவதில்லை, ஏனென்றால் அப்படி ஒன்று நடக்கவில்லை. "அடிக்கல்ல. சம்பளம் தந்த. சாப்பாடு இரிந்த. நித்திர மட்டும் இல்ல" என்பதுதான் உம்மாவின் முழு அறிக்கை. விடிய ஐந்து மணிக்குத் தொடங்கினால் இரவு ஒரு மணிக்கு முடியும். நோன்பு மாசத்தில் அதுவும் இல்லை.

ரியாதிலிருந்து மக்கா 800 கிலோமீற்றருக்கு மேல். போகிற ஆசையைத்தான் உம்மா தனக்கே ஒரு ஆறுதலாகச் சொல்லிக்கொண்டு போயிருக்கிறா: வேலைக்குத்தான் போறன், ஆனா கஃபாவ ஒரு தரம் பாத்திருவன். அந்த வீட்டார் ஒவ்வொரு நோன்புக்கும் மக்கா போனார்கள். வீட்டில் படுக்கையில் ஒரு கிழவி இருந்தா. அவவைப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் உம்மா. "அடுத்த முற" என்றார்கள். மூன்று நோன்பு அப்படிப் போனது. கிழவியின் அறை ரீவியில் இரவெல்லாம் மக்காவைக் காட்டுவார்கள். உம்மா கிழவியின் காலை அமுக்கிக்கொண்டு அதைப் பார்த்தா.

2009இல் திரும்பி வந்த பிறகு எங்கட வீட்டு ரீவியிலும் நோன்பில் தராவீஹ் ஓடும். ஒருநாள் உம்மா சொன்னா: "அந்த நாட்டில இரிந்தும் ரீவியிலதான் பாத்த. இஞ்ச இரிந்தும் ரீவியிலதான் பாக்கன்." புகாராகச் சொல்லவில்லை. மீன் வெட்டிக்கொண்டு சொன்னா.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். முப்பது வயசில் வீட்டு வேலைக்கென்று தனியாகப் போக உம்மாவுக்கு விசா கிடைத்தது. அதே வயசில் உம்றா விசாவில் போவதென்றால் கணவனோ சகோதரனோ கூட வந்தே ஆக வேண்டும். நாற்பத்தைந்துக்குக் குறைந்த பெண்களுக்கு அதுதான் விதியாக இருந்தது. பெண்ணுக்கு மஹ்ரம் துணை கட்டாயமில்லை என்று சவூதியின் ஹஜ் உம்றா அமைச்சர் அறிவித்தது 2022 ஒக்டோபரில். அதாவது கழுவித் துடைக்கத் தனியாகப் போகலாம், தொழப் போக ஆண் துணை வேண்டும். இதை நாங்கள் உம்மாவிடம் விளக்கமாகச் சொன்னபோது, "இத இப்பதான் கண்டுபிடிச்சயளா?" என்று கேட்டா.

இலங்கையிலும் ஒரு விதி வந்தது. 2013இல், ஐந்து வயசுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய் வீட்டு வேலைக்கு வெளிநாடு போகக் கூடாது, குடும்பப் பின்னணி அறிக்கை வேண்டும் என்றார்கள். டொலர் இல்லாமல் போன 2022இல் அந்த வயசை ரெண்டாகக் குறைத்தார்கள். 2006இலேயே அந்த விதி இருந்திருந்தால் உம்மா போயிருக்க முடியாது, இளையவனுக்கு நாலு வயசுதானே. நாங்கள் உம்மாவோடு இருந்திருப்போம். வீடு இருந்திருக்காது. இதில் எது நல்லது என்று எங்கள் ரெண்டு பேருக்கும் இன்றுவரை ஒரே பதில் இல்லை. இளையவன் ஒன்று சொல்வான், மூத்தவள் ஒன்று சொல்வாள். இரவு பன்னிரண்டு மணி வரை தர்க்கம் போகும்.

2013 ஜனவரி 9ஆம் திகதி மூதூர் ரிசானா நபீக்குக்கு சவூதியில் மரண தண்டனை நிறைவேற்றினார்கள். சுனாமிக்கு அடுத்த வருசம், பதினேழு வயசில், பாஸ்போர்ட்டில் வயசு கூட்டிப் போட்டு அனுப்பப்பட்ட பிள்ளை. அந்தச் செய்தி ரீவியில் வந்தபோது உம்மா எழும்பிப் போய் ரீவியை நிறுத்தினா. அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை. ஊரில் எல்லாரும் ரிசானாவைப் பற்றித்தான் கதைத்தார்கள், அழுதார்கள், துஆக் கேட்டார்கள். ஆனால் பக்கத்தில் இருந்த எங்கட உம்மாவிடம் 'உனக்கு அங்க எப்படி இருந்தது?' என்று அன்றைக்கும் யாரும் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

மூத்தவளுக்குக் கலியாணம் பேசினபோது முதலில் வந்தவர்கள் வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். மூன்று அறை, தட்டுப் போட்ட கூரை, டைல்ஸ் போட்ட குசினி. திருப்தி. பிறகு ஒருவர் மெதுவாகக் கேட்டார்: "உம்மா வெளிநாட்டில இரிந்தவவாமே?" அந்தச் சம்பந்தம் வரவில்லை. அவர்கள் பார்த்துத் தலையாட்டிய ஒவ்வொரு டைல்ஸும் எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்குத் தெரியும். அதில் நடக்கலாம், அதைப் பற்றிக் கதைக்கக் கூடாது. நல்ல வேளையாக அடுத்து வந்தவர்கள் அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பரவாயில்லை என்று மூத்தவள் அப்போது முடிவெடுத்திருந்தாள்.

*

உம்றா ஆசை பதினைந்து வருசம் காத்திருந்தது. அபாயா தைத்த காசு, சீட்டுக் காசு, பிறகு எங்கட உழைப்பு. வாப்பா 2018இல் மௌத்தானார். கடைசி நாட்களில் அவர் சொன்ன விசயங்களில் ஒன்று, "அவவக் கூட்டிட்டுப் போங்க, நான் போக உட்டது சரியில்ல" என்பது. எதைச் சரியில்லை என்றார் என்று நாங்கள் கேட்கவில்லை. போக விட்டதையா, சொல்லாமல் போக விட்டதையா?

2020 மார்ச்சில் போக எல்லாம் சரி. பெப்ரவரி 27ஆம் திகதி கொரோனாவால் சவூதி உம்றாப் பயணிகளை நிறுத்தியது. ஏஜென்சியில் கட்டிய காசு திரும்பக் கிடைக்க ஒரு வருசம். பிறகு 2022 வந்தது. இருநூறு ரூபாவில் இருந்த டொலர் சில வாரத்துக்குள் முந்நூற்றைம்பதைத் தாண்டியது. சேர்த்த காசு அதே காசுதான், போகிற தூரம் கூடிவிட்டது. பெற்றோல் வரிசை, கேஸ் வரிசை, பாஸ்போர்ட் வரிசை. அந்த வருசம் பாஸ்போர்ட் எடுக்க நின்றவர்களில் உம்றாவுக்கு எடுக்க வந்தவர்கள் நாங்கள் மட்டும்தான் போலிருந்தது. மற்றவர்கள் நாட்டை விட்டுப் போக நின்றார்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் காசு அனுப்புங்கள் என்று அரசாங்கம் கெஞ்சியதும் அந்த வருசம்தான். 2023இல் அப்படி வந்த காசு கிட்டத்தட்ட 600 கோடி டொலர். அந்தக் கணக்கில் கொழும்புச் சாச்சி வீட்டில் இருக்கிற உம்மாமாரும் உண்டு.

*

புறப்பட்ட இரவு வீட்டில் ஐம்பது பேருக்கு மேல். முற்றத்தில் கதிரை, புரியாணி வாசம், வாசலில் ஹைஏஸ் வான். இஷாவுக்குப் பிறகு மௌலவி வந்து துஆ ஓதினார். பெட்டியில் மாசிச் சம்பல், பொரித்த கருவாடு, சமபோஷ, பனடோல், சித்தாலேப. மாமி ஒருத்தி தொதல் ஒரு பார்சல் திணித்தா. வீடு பார்க்க மூத்தவளின் மாப்பிள்ளை நின்றார். வானில் பதினான்கு பேர் ஏறினோம். பயணம் போவது மூன்று பேர், மிச்சம் பதினொரு பேர் வழியனுப்ப. எங்கட பக்கத்தில் இது குறைவு.

ரோட்டுக்கு வந்ததும் உம்மா கண்ணாடியைத் திறந்து தெருவைப் பார்த்தா. வீட்டு வாசல்களில் ஆட்கள் நின்று கை காட்டினார்கள். "லைட் எல்லாம் போட்டிரிக்கி" என்றா. எதோடு ஒப்பிட்டுச் சொல்கிறா என்பது மூத்தவளுக்கு விளங்கியது.

காரைதீவுச் சந்தியில் திரும்பி, சம்மாந்துறை, அம்பாறை. வெள்ளாமை வெட்டுக் காலம், ரோட்டோரம் காய்ந்த நெல் மூடிக் கிடந்தது. உகனை தாண்டினால் மகாஓயா வரை காடு. யானை வரும் என்று டிரைவர் மெதுவாகப் போனார். உம்மா அப்போதுதான் வாய் திறந்தா. 2006இல் இதே ரோட்டில் பஸ்ஸில் போன கதை. சோதனைச்சாவடியில் எல்லாரையும் இறக்கி, ஐடி காட்டி நடக்க வைத்தார்கள். பேக்கில் என்ன என்று கேட்டபோது உள்ளே இருந்தது ரெண்டு உடுப்பும் எங்கட ரெண்டு பேரின் போட்டோவும். "ஆமிக்காரன் அந்தப் போட்டோவப் பாத்துட்டு ஒண்டும் சொல்லல்ல, மூடித் தந்தான்." வானில் இருந்த பதினொரு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பதினெட்டு வருசத்தில் இந்தக் கதையை அவர்கள் கேட்பது அதுதான் முதல் தரம். மாமி கேட்டா: "ஏன் மச்சி எனக்கிட்டயாவது சொல்லல்ல?" உம்மா சொன்னா: "சொல்லியிருந்தா நீங்க போக உட்டிரிக்க மாட்டீங்க." கொஞ்ச நேரம் கழித்து மாமி, "ஓம்" என்றா.

மகியங்கனை தாண்டிப் பதினெட்டு வளைவில் மூன்று பேர் சத்தி எடுத்தார்கள். கண்டி இறங்கி, மாவனல்லையில் சுபஹ் தொழுகை, அங்கேயே பராட்டாவும் தேத்தண்ணியும். கட்டுநாயக்கவில் இறங்கும்போது எட்டு மணி.

வழியனுப்ப வந்தவர்கள் உள்ளே வர முடியாது. கட்டிப்பிடித்து, அழுது, போட்டோ எடுத்து, திரும்ப அழுது, வாசலில் பொலிஸ்காரர் ரெண்டு தரம் வந்து நகரச் சொன்னார். எல்லாம் முடிந்து உள்ளே போனதும் எங்களுக்குக் கை கால் ஓடவில்லை. ஏனென்றால் நாங்கள் ரெண்டு பேரும் பிளேன் ஏறுவது அதுதான் முதல் தரம். பல்கலைக்கழகம் ஒருவர், டியூஷன் டீச்சர் ஒருவர், உம்மாவைக் கவனமாகக் கூட்டிப் போக வேண்டும் என்று ஊரே எங்களிடம் பொறுப்புச் சொல்லியிருந்தது. ஆனால் எந்த வரிசை, எந்தத் தட்டில் பெல்ட்டைக் கழற்றி வைப்பது, போர்டிங் பாஸை எங்கே வைத்தால் தொலையாது என்று எங்களுக்குச் சொன்னது உம்மா. "தண்ணிப் போத்தல இப்பயே குடிச்சு முடிங்க, உள்ளுக்கு உடமாட்டாங்க." அவவுக்கு இது மூன்றாவது பிளேன்.

*

கேட்டுக்குக் கிட்ட ஒரு பத்துப் பதினைந்து பெண்கள் கூட்டமாக இருந்தார்கள். ஒரே மாதிரிப் பிளாஸ்டிக் கோப்பு மடியில். புதுச் செருப்பு. ஆளை ஆள் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கட கூட்டம் மறுபக்கம், வெள்ளை உடுப்பு, தஸ்பீஹ், சிரிப்பு. ஒரே பிளேன்தான்.

உம்மா தொதல் பார்சலை எடுத்துக்கொண்டு எழும்பிப் போய் அவர்களுக்குள் இருந்த ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்தா. இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயசிருக்கும். எங்கட பக்கத்துப் பேச்சு. எந்த ஊர் என்று அவள் சொன்னாள், நாங்கள் இங்கே எழுதவில்லை.

உம்மா துஆவைப் பற்றிக் கதைக்கவில்லை, பொறுமையைப் பற்றிக் கதைக்கவில்லை. கேட்டது இவ்வளவுதான்:

"பாஸ்போட் கொப்பி ஒண்டு ஊட்ட வச்சிட்டு வந்தயா மகள்?"

"ஓம் மாமி."

"ஒப்பந்தத்துக்கும் கொப்பி எடுத்தயா? எம்பசி நம்பர் போன்ல மட்டும் வெக்காத, போன வாங்கி வெச்சிருவாங்க. துண்டில எழுதி உடுப்புக்குள்ள தை."

இளையவனின் பேனையை வாங்கி உம்மாவே துண்டில் எழுதிக் கொடுத்தா. கீழே எங்கட வீட்டு நம்பரும். பிறகு கேட்டா:

"பயணம் சொல்லிட்டா வந்த?"

அந்தப் பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "ஊட்டாளுக்கு மட்டும்" என்றாள். "பிள்ளைக்கு மூணு வயசு. நித்திரையில இரிந்த."

உம்மா அவளின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தா. எங்களைக் கூப்பிட்டது போர்டிங் அறிவிப்பு வந்த பிறகுதான்.

*

பிளேனில் இளையவன் இஹ்ராம் துணியோடு குளிரில் நடுங்கினான். தைக்காத ரெண்டு துண்டு, ஏசிக்கு அது போதாது. எங்கட ஊர்த் தறியில் நெய்த துணிதான் வேண்டும் என்று உம்மா அடம் பிடித்து வாங்கியது. மேலே ஏறும்போது மூத்தவள் கண்ணை மூடிக்கொண்டாள். உம்மா யன்னல் பக்கம்.

முன் சீட்டின் சின்னத் திரையில் வரைபடம் ஓடிக்கொண்டிருந்தது. இலங்கை சிறுத்து, அரபிக் கடல் வந்து, ஓமான் வந்து, பிறகு பாலைவனம். ஒரு இடத்தில் ரியாத் என்று எழுத்து வந்தது. உம்மா விரலை அதில் வைத்தா. பிறகு மக்காவில் வைத்தா. ரெண்டுக்கும் இடையில் நாலு விரல் கூட இல்லை. "இவ்வளவுதானா?" என்றா. மூன்று வருசம் அந்த ஊரில் இருந்தும் அது வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்று அவ பார்த்தது அன்றைக்குத்தான்.

அப்போதுதான் மூத்தவள் கேட்டாள். பதினெட்டு வருசமாகக் கேட்காததை, முப்பதாயிரம் அடிக்கு மேலே வைத்து. "உம்மா, அண்டைக்கு ராவு நான் நித்திரையில்ல. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றா உம்மா. "கண் ஆடிக்கிட்டிரிந்த. நீ எழும்பியிருந்தா நான் போயிரிக்க மாட்டன்."

இதற்கு என்ன சொல்வது என்று எங்களுக்கு இப்போதும் தெரியாது.

மீக்காத் எல்லை வரப்போகிறது, நிய்யத் வைக்கிறவர்கள் வைத்துக்கொள்ளுங்கள் என்று அறிவித்தார்கள். பிளேன் முழுக்கத் தல்பியா எழும்பியது. கிழவர்கள் அழுதார்கள். உம்மா அழவில்லை. சீஆர் கொப்பியைக் கேட்டு வாங்கி, கடைசிப் பக்கத்தைத் திறந்து, இளையவனிடம் கொடுத்து ஒரு பெயரை எழுதச் சொன்னா. அந்தப் பிள்ளையின் பெயர். என்ன துஆ என்று அவன் கேட்டான்.

"அவட வீட்டுக் கல்யாணங் காத்தி ஒண்டும் எழுதாத. சுகமாத் திரும்பி வரணும் எண்டு மட்டும் எழுது."

ஜித்தாவில் இறங்கியதும் வரிசைகள் பிரிந்தன. உம்றா விசாக்காரர் ஒரு பக்கம். வேலை விசாக்காரர் இன்னொரு பக்கம், அங்கே அட்டை பிடித்தபடி ஒரு ஆள் நின்றார். அந்தப் பிள்ளை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். உம்மா கையைத் தூக்கி, எங்கட தெருவில் ஆட்கள் எங்களுக்குக் காட்டினது போல, அவள் மறையும் வரை காட்டிக்கொண்டு நின்றா.

எங்களுக்குப் பின்னால் இருந்தவர்கள் தள்ளினார்கள். நாங்கள் நகரவில்லை.

இதை எழுதலாமா என்று உம்மாவிடம் கேட்டோம். "எழுதுங்க. நான் களவெடுக்கப் போகல்லயே" என்றா. ஊருக்குத் திரும்பி வந்து ஸம்ஸம் தண்ணியும் பேரீச்சம்பழமும் பங்கிட்டபோது முதல் போனது அந்த எண்பது வயசு மூத்தம்மாவின் வீட்டுக்கு. கேட்கத் துணிந்த ஒரே ஆள் அவதானே.

உங்கட வீட்டிலும் ஒரு கொழும்புச் சாச்சி வீட்டுக் கதை இருக்கலாம். இருந்தால், சொன்னவரிடம் போய் இருந்து கேளுங்கள். ரிப்போர்ட் எழுத வேண்டாம், போஸ்ட் போட வேண்டாம். எப்படி இருந்தது என்று மட்டும் கேளுங்கள்.